நாலு ஸ்டூலும் ஒரு புத்தகமும்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரித்திரப் பாடம் வந்தால் அவர் வாசிக்க மாட்டார். பையன்களை வாசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். முதல் பெஞ்சின் முதல் பையன் எழுந்து முதல் பாராவை வாசிப்பான். அவன் உட்கார்ந்ததும் அடுத்தவன் அடுத்த பாராவை வாசிக்க வேண்டும். இப்படியே கடைசி பெஞ்சு வரையில் போகும். அவர் கையில் பிரம்பும் உண்டு. ஆனால் பிரம்பைவிட அவர் நாக்குக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

அந்த வகுப்பில் நான் தேர்ந்த ஒரே வித்தை எண்ணுவதுதான். எனக்கு முன்னால் எத்தனை தலைகள், அப்படியானால் எனக்கு எத்தனையாவது பாரா என்று கணக்குப் போட்டுவிடுவேன். பிறகு அந்தப் பாராவை உதடு அசையாமல் நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது என் காதில் விழுந்ததே இல்லை. பல்லவர்களில் யார் யாருக்குத் தகப்பனார் என்பதில் எனக்கு இன்று வரைக்கும் சந்தேகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் என்னைப் போல எண்ணுகிறவன்தான். வாசிப்பில் கொஞ்சம் மந்தம்; மற்றபடி பம்பரத்திலும் பாட்டிலும் அவனை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது. ஒரு நாள் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டான். எல்லோருடைய கணக்கும் ஒரு பாரா தவறிவிட்டது. என் கூட்டாளி தயார் செய்து வைத்திருந்த பாரா எனக்கு வந்து சேர்ந்தது. அவன் கண்ணெடுத்தும் பாராத பாரா அவன் தலையில் விழுந்தது. மகேந்திரவர்ம பல்லவனைப் பற்றிய பாரா. “மகே...” என்று ஆரம்பித்தான். நின்றான். மறுபடியும் “மகே...” என்றான்.

“என்னடா, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துறே?” என்றார் வாத்தியார்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்றிலிருந்து அவன் பெயர் ‘மகே’ ஆகிவிட்டது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. தாலூகா ஊரில் அவன் மாமா வைத்திருந்த டீக்கடையில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள்.

குழந்தைகளை வாய்விட்டு வாசிக்க வைப்பதற்கு உலகத்தில் வேறு என்ன வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கிற பைத்தியம் வெகு காலத்துக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அவன்தான் மூலகாரணம். அந்தத் தேடலில் அகப்பட்ட சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதில் ஒரு சினிமா நடிகர் வருகிறார். நாலு ஸ்டூல்கள் வருகின்றன. நம்முடைய எழும்பூர்கூட வருகிறது.

எழும்பூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் அங்கே இருந்த ஆண் அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் படித்த இடம் அது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டு போனார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே நிலைநாட்டினார். நம் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுமையாகத் தோன்றாது. ஆனால் பெல் 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டதும் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடத்துக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

அந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராக வாசிக்க வேண்டும். ஒருவன் தப்பு விட்டால், அதைத் திருத்துகிற பையன் அவனைத் தாண்டி மேல் இடத்துக்குப் போய்விடுவான். தப்பு விட்டவன் கீழே இறங்க வேண்டும். ஊக்கம் கொடுப்பதற்காகத்தான் இதைச் செய்தார்கள், சந்தேகம் இல்லை. இருந்தாலும் வாசிப்பு என்பது ஒருவனுக்கு ஏணி, இன்னொருவனுக்குச் சறுக்கல் என்று ஆகிவிட்டது. வரிசை வாசிப்புக்குப் பெல் பாதிரியாரே ஆதிகர்த்தா என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கும் அவருக்கும் தூரத்து உறவு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு முன்னால் மனிதர்கள் எப்படி வாசித்தார்கள்? பெரும்பாலும் வாய்விட்டு, பலர் கேட்க. கோடை ராத்திரியில் ஒருவர் பாரதம் வாசிக்க, தெருவே உட்கார்ந்து கேட்ட ஊர்கள் நம்முடையவை. மேல்நாட்டிலும் அப்படித்தான். நாலாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து பிஷப் அம்ப்ரோஸ் வாயைத் திறக்காமல், கண்ணால் மட்டும் புத்தகத்தைப் படிப்பதை அகஸ்டீன் பார்த்தார். ஏன் இப்படிப் படிக்கிறார் என்று யோசித்து அதைத் தம் சுயசரிதத்தில் எழுதியும் வைத்தார். மௌன வாசிப்பு அன்றைக்குக் கவனித்து எழுதத் தகுந்த விஷயமாக இருந்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது ஒரு கலையாகவே வளர்ந்தது. நடிகராக இருந்த தாமஸ் ஷெரிடன் ஊர் ஊராகப் போய், குரலை எப்படி ஏற்றி இறக்கி வாசிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். 1762-ல் அவை புத்தகமாக வெளிவந்தன. அமெரிக்காவில் 1836-ல் தொடங்கி வெளியான மக்கஃபி வாசகப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நிமிர்ந்து நின்று உரக்கப் படிக்க வைத்தன.

பிறகு காற்று திசை மாறியது. 1917-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளநூல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், வாசிப்பதும் ஒரு வகை யோசனைதான் என்று ஆராய்ச்சி செய்து எழுதினார். கிளிப்பிள்ளையாக உரக்கப் படிக்கிறவனுக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இதை யாரும் மறுக்க முடியாது. மௌனமாகப் படிக்கச் சொல்லி முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை வைக்கவும் சௌகரியமாக இருந்தது. ஆகவே அமெரிக்கப் பள்ளிகளில் மௌன வாசிப்பு சிம்மாசனம் ஏறியது. உரக்க வாசிப்பது அநேகமாக வாத்தியார் தப்புப் பிடிப்பதற்கான சாதனமாக மட்டும் மிஞ்சியது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி வேறு பாதையில் நடந்தார். மார்ஜரி கல்லன் என்று பெயர். சங்கீதத்தில் கோஷ்டி கானம் இருப்பதுபோல் கவிதையையும் பல குரல்கள் சேர்ந்து சொல்லலாம் என்று ஒரு குழுவைத் திரட்டினார். 1922-ல் கிளாஸ்கோ விழாவில் அதைக் கேட்ட கவி ஜான் மேஸ்ஃபீல்ட் மனத்தைப் பறிகொடுத்தார். அடுத்த வருஷமே ஆக்ஸ்போர்டில் கவிதை சொல்லும் போட்டிகளைத் தொடங்கினார். கல்லனுடைய புத்தகங்கள் பல பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தனியாக நிற்கக் கூசும் குழந்தை கூட்டத்தின் குரலுக்குள் தன் குரலை வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த முறையின் அனுகூலம்.

இனி நமது சினிமா நடிகரைப் பார்ப்போம். சார்லஸ் லாட்டன் என்ற ஆங்கில நடிகர் 1933-ல் வெளிவந்த படத்தில் எட்டாம் ஹென்றி மன்னனாக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர். பருத்த உடம்பு, தொங்கும் கன்னம். அழகுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களுக்கு அவர் புத்தகம் வாசித்துக் காட்டினார். வேஷம் இல்லை, திரை இல்லை. ஒரு புத்தகமும் ஒரு குரலும்தான். யுத்தத்துக்குப் பிறகு பால் கிரெகரி என்ற தயாரிப்பாளர் அவரை ஊர் ஊராக அழைத்துப் போய் மேடையில் வாசிக்க வைத்தார். கூட்டம் தாங்கவில்லை.

ஒருவர் வாசித்தால் இவ்வளவு கூட்டம் வருமானால், நாலு பேர் சேர்ந்து வாசித்தால் என்ன? அவர்கள் எடுத்துக்கொண்டது பெர்னார்ட் ஷாவின் ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் வரும் நரகக் காட்சியை. டான் ஜுவானும் பிசாசும் அதில் தர்க்கம் செய்துகொண்டே இருப்பார்கள். 1905-ல் நாடகம் மேடையேறியபோது அந்த அங்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். பேச்சைத் தவிர ஒன்றும் நடக்காத காட்சிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

1951-ல் வாங்கினார்கள். லாட்டன் பிசாசு, சார்லஸ் போயர் டான் ஜுவான், செட்ரிக் ஹார்ட்விக், அக்னஸ் மூர்ஹெட் ஆகியோர் மற்ற இருவர். விருந்துக்குப் போகிறவர்களைப் போல உடுத்திக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். மேடையில் நாலு ஸ்டூல்கள், சங்கீத வித்வான்கள் வைத்துக்கொள்வதைப்போல் நாலு தாங்கிகள், அவற்றின் மேல் பெரிய புத்தகங்கள், எதிரே ஒலிபெருக்கிகள். அவ்வளவுதான். அமெரிக்காவில் பல நகரங்களைச் சுற்றிவிட்டு அந்த வருஷம் அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்கு வந்தார்கள். சபை நிரம்பி வழிந்தது. ஷா 1950 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நாலு பேருக்கும் வசனம் மனப்பாடம். புத்தகம் தேவையே இல்லை. ஆனாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே பேசினார்கள். எதற்காக? இந்தக் கேள்வி என்னை வெகு நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, 1953 மே 14-ந் தேதி, நியூயார்க்கில் இன்னொரு வாசிப்பு. வேல்ஸ் நாட்டுக் கவி டிலன் தாமஸ் ஒரு கடலோரக் கிராமத்தின் ஒரு நாளைப் பல குரல்களுக்காக எழுதியிருந்தார். ‘அண்டர் மில்க் வுட்’ என்பது அதன் பெயர். அவரும் ஐந்து நடிகர்களும் ஸ்டூல்களில் உட்கார்ந்து வாசித்தார்கள். கடைசிப் பக்கங்களைக் கடைசி நேரம் வரைக்கும் கவி எழுதிக்கொண்டே இருந்தார். மை காயாத காகிதத்தோடு மேடைக்கு வந்த நடிகர்கள் அன்று நிஜமாகவே வாசித்தார்கள். முதலில் பயபக்தியோடு மௌனமாக இருந்த சபை, இது சிரிக்கக்கூடிய விஷயம் என்று தெரிந்ததும் மனம்விட்டுச் சிரித்தது. அந்த நவம்பரில் தாமஸ் 39-வது வயதில் இறந்துபோனார்.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ‘ரீடர்ஸ் தியேட்டர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாம் வாசிப்பு நாடகம் என்று சொல்லலாம். கல்லூரிகள் இதைப் பிடித்துக்கொண்டன. 1967-ல் லெஸ்லி கோகர், மெல்வின் ஒயிட் என்ற இரு பேராசிரியர்கள் இதற்கு ஒரு கைப்புத்தகமே எழுதினார்கள். 1982-ல் ஷர்லீ ஸ்லோயர் என்ற பெண்மணி எழுதிய புத்தகம் இதைச் சிறு பிள்ளைகளின் வகுப்பறைக்குள் கொண்டு வந்தது. கார்னகி ஹாலில் இருந்த ஸ்டூல், ஆரம்பப் பள்ளிக்கு வந்து சேர முப்பது வருஷம் ஆயிற்று.

வகுப்பில் இதை எப்படி நடத்துகிறார்கள்? பேச்சு நிறைந்த ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார்கள். ‘என்றான்’, ‘என்றாள்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பாத்திரங்களின் பேச்சைத் தனித்தனியாக எழுதுகிறார்கள். கதை சொல்லும் பகுதியை இரண்டு மூன்று பேருக்குப் பங்கிடுகிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிரதி. தன் வரிகளின் மேல் வர்ணக்கோடு. ஜோடனை கிடையாது, உடுப்பு கிடையாது, மனப்பாடமும் கிடையாது.

1999-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் டெக்ஸாஸைச் சேர்ந்த மார்ட்டினெஸ், ரோசர், ஸ்ட்ரெக்கர் என்ற மூவர் இதை அளந்து பார்த்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், தினம் அரை மணி நேரம், 10 வாரம். திங்கட்கிழமை ஆசிரியை கதையை வாசித்துக் காட்டுவாள். பிறகு பிரதிகளைக் கொடுப்பாள். ஒன்று பள்ளியில் வைத்துக்கொள்ள, ஒன்று வீட்டுக்கு. அடுத்த நாட்களில் குழுக் குழுவாக உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். அதன் பிறகுதான் யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற முடிவு. வெள்ளிக்கிழமை அரங்கேற்றம்.

10 வாரத்தின் முடிவில் இந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு வேகம் நிமிஷத்துக்கு 17 வார்த்தைகள் கூடியிருந்தது. இந்தப் பயிற்சி இல்லாத வேறு இரண்டு வகுப்புகளில் கூடியது ஏறத்தாழ 7. நாலு வகுப்புகளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். வேகம் மட்டுமே வாசிப்பு ஆகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பு எந்தக் கணக்கையும்விட என்னைப் பாதித்தது. தானும் ஒரு நட்சத்திரமாக முடியும் என்று நினைத்ததே இல்லை என்று ஒரு குழந்தை சொன்னதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறார்கள்.

இதன் ரகசியம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. 1979-லேயே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜே சாமுவேல்ஸ் அதைச் சொல்லிவிட்டார். ஒரு சிறு பகுதியைத் தடங்கல் இல்லாமல் வரும் வரையில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னால் பின்தங்கிய பிள்ளையும் முன்னேறுகிறான் என்று அவர் கண்டார். பாட்டுக்காரனும் விளையாட்டு வீரனும் இதைத்தானே செய்கிறார்கள்! ஒரு வர்ணத்தை ஒரே ஒரு தடவை பாடச் சொல்லிவிட்டு, தப்பு என்று சிரிக்கிற பாட்டு வாத்தியார் உண்டா? அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழுவும், 2000-ம் வருஷத்து அறிக்கையில், ஒருவர் உதவியோடு வாய்விட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது பலன் தருகிறது என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் சும்மா, “இதையே பத்துத் தடவை படி” என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? அது தண்டனை. வெள்ளிக்கிழமை நாலு பேர் கேட்கப் போகிறார்கள் என்றால் அதே பத்துத் தடவை ஒத்திகை ஆகிவிடுகிறது. வரிசை வாசிப்பு, பிள்ளையின் முதல் தடவையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. வாசிப்பு நாடகம் பத்தாவது தடவையைக் கேட்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் ஒரு குழந்தைக்கு அது சிறிய வித்தியாசம் அல்ல.

“பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு வாசிப்பதுபோல் பாவனை செய்வார்களே?” என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. செய்யட்டுமே! லாட்டன் கோஷ்டியும் அதைத்தானே செய்தது? அவர்கள் புத்தகத்தை ஏன் விடவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் பதில் இது: புத்தகம் கையில் இருக்கும்போது கேட்கிறவர் கவனம் ஆளை விட்டு வார்த்தைக்குப் போகிறது. பெரிய நடிகருக்கு அது ஓர் உத்தி. எட்டு வயதுக் குழந்தைக்கோ அது கேடயம்.

இதற்கு ஸ்டூலும் கார்னகி ஹாலும் வேண்டியதில்லை. நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது ஒரு தமிழய்யா வந்தார். லாட்டனை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தெனாலிராமன் கதை ஒன்றை ஆறு குரலுக்குப் பிரித்து, கார்பன் தாள் வைத்து எழுதிக் கொண்டு வந்தார். கடைசிப் பிரதி கண்ணுக்கே தெரியாது. அது கெட்டிக்காரப் பையனுக்கு. எனக்கு அரண்மனைக் காவலன் வேஷம். மொத்தம் நாலு வரி. பழைய வழக்கப்படி எண்ணிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. என் வரி ராஜாவின் கோபத்துக்குப் பிறகு வருகிறது. ராஜா வாசிப்பதைக் கேட்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது? பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான் முதல் முதலாக நான் இன்னொரு பையன் வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டேன். என் பக்கத்து இடம் அப்போது காலியாகிவிட்டிருந்தது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தாலூகா ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்க ஒதுங்கினேன். அடுப்பருகில் நின்றவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“அஞ்சாங் கிளாசு பெஞ்சுதானே நீங்க?” என்றார்.

“நீங்க என்னடா நீங்க?” என்றேன். அவன்தான். மாமாவின் கடை இப்போது அவனுடையது.

ஊர்க் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசினோம். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. “அன்னிக்கு நானும் சிரிச்சேண்டா” என்றேன்.

“எதுக்கு? அந்தப் பாராவுக்கா?” என்று அவனும் சிரித்தான். “இப்பக்கூடச் சொல்லுவேன், கேளு.”

டீ ஆற்றுகிற கை நிற்கவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பாறையைக் குடைந்தே கோயில் எடுத்த கதையை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னான். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

“அன்னிக்கு ராத்திரி வீட்டிலே உட்கார்ந்து இருபது தடவை படிச்சேன்” என்றான். “மறுநாள் சார் மறுபடியும் கேப்பாருன்னு நினைச்சேன்.”

மறுநாள் நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.